தோட்டத்துப் பையன் எந்தக் கோர்ட்டில்? கேஸ் தேடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தாப்பா நீதிமன்றத்தில் இரண்டு இளைஞர்களைப் பார்த்தேன். பீடோர் பக்கத்துத் தோட்டம், கோயில் இளைஞர் குழு. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஓர் அம்மாவின் மகனைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை, உதவலாம் என்று வந்திருந்தார்கள். நல்ல மனசுதான். ஆனால் காலை எட்டரையிலிருந்து மதியம் வரை அவர்கள் செய்த ஒவ்வொரு காரியமும், முப்பது வருடத்துக்கு முன் நான் வக்கீல் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில் செய்த அதே கூத்து. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஐசி (அடையாள அட்டை) நகலை மறக்காதே, கவுண்டரில் சத்தம் போடாதே என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

அமெரிக்காவை நினைத்துக்கொண்டு கூகளில் தேடுவது

அமெரிக்காவில் பல மாவட்டச் சிறைகள் உள்ளே இருப்பவர்களின் பட்டியலைப் படத்தோடு இணையத்தில் போட்டுவிடுகின்றன. அதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் இங்கேயும் அப்படி ஒன்று இருக்கும் என்று இரவெல்லாம் தேடுகிறார்கள். இங்கே கைதுப் பதிவு போலீசின் கையில் இருக்கிறது. தண்டனை பெற்றவர்களின் பதிவேடு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வைக்கப்படுவது, அதுவும் ஊரார் புரட்டிப் பார்க்க அல்ல. சிறைத்துறையும் கைதிகளின் பெயர்ப் பட்டியலை வெளியே வைப்பதில்லை. "மலேசியக் கைதுப் பதிவுகள், உடனே பாருங்கள்" என்று சொல்லி கார்டு நம்பர் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

நமக்குத் திறந்திருக்கும் வாசல் நீதிமன்றம் ஒன்றுதான். விசாரணை அறைக்குள் யாரும் போய் உட்காரலாம். அன்றைய வழக்குப் பட்டியல் அறை வாசலில் ஒட்டியிருக்கும், நீதித்துறை இணையதளத்திலும் வரும். அந்தப் பட்டியலைப் படிப்பதில்தான் பாதித் தவறு நடக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

பிடித்த பாலாயிலேயே உட்கார்ந்திருப்பது

பீடோரில் பிடித்தார்கள் என்பதற்காகப் பீடோர் பாலாய், அதாவது போலீஸ் நிலையத்துப் பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். ஆளை அதற்குள் தாப்பா மாவட்டத் தலைமையகத்துக்கோ வேறு லோக்காப்புக்கோ (போலீஸ் காவல் அறைக்கோ) மாற்றியிருப்பார்கள். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும், இது அரசியல் சட்டத்தின் 5ஆவது பிரிவு. பெஞ்சைத் தேய்க்கும் நேரத்தில் ரிமாண்ட், அதாவது காவலை நீட்டிக்கக் கேட்கும் விசாரணையே முடிந்துவிடும்.

பாலாயில் மூன்று கேள்வி போதும். விசாரணை அதிகாரி யார், அவர் நம்பர் என்ன? எந்த லோக்காப்? எந்தச் செக்‌ஷன்? கைதானவர் தன் வீட்டுக்குச் சொல்லவும் வக்கீலோடு பேசவும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ இடம் கொடுக்கிறது, அதனால் கேட்பதில் கூச்சம் வேண்டாம். மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நாள் கணக்கு அதில்தான் இருக்கிறது. 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றம் என்றால் ரிமாண்ட் முதலில் அதிகபட்சம் 4 நாள், அடுத்து 3. 14 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 7, மறுபடி 7. பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தில் பிடித்திருந்தால் கதையே வேறு, 28 நாள் வரை கோர்ட்டுப் பட்டியலில் பெயர் வராது. பட்டியலையே முறைத்துக்கொண்டிருந்து பயனில்லை, வக்கீலைப் பாருங்கள்.

குற்றம் நடந்த ஊரும் முக்கியம். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவனைத் தோட்டத்தில் வைத்துப் பிடித்திருப்பார்கள், சம்பவம் கிள்ளானில் நடந்திருக்கும். அவன் போவது கிள்ளான் கோர்ட்டுக்கு. தாப்பாவில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்கமாட்டான்.

வக்கீலுக்குக் காசில்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. குடிமக்களுக்குக் கைது, ரிமாண்ட், ஜாமீன் கட்டத்தில் தேசியச் சட்ட உதவி அறநிறுவனத்தின் வக்கீல்கள் இலவசமாக வருகிறார்கள். ஒய்பிஜிகே என்று கேட்டால் கோர்ட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பெயரை வைத்து ஆளை முடிவுசெய்வது

இதைச் சொல்லும்போதே எனக்குக் கோபம் வரும். முதல் கோபம் என் மேல்.

அந்த இரண்டு தம்பிகளில் ஒருவர் போனை நீட்டினார். "அண்ணே, கிடைச்சிருச்சு." வாசலில் ஒட்டியிருந்த பட்டியலின் படம். பெயரும் சரி, அப்பா பெயரும் சரி. ஐசி நம்பர் பார்த்தீர்களா என்றேன். "பேருதான் ஒண்ணா இருக்கே அண்ணே." படம் அதற்குள் குழுவின் வாட்ஸ்அப்பில் போய்விட்டிருந்தது. அந்த அம்மாவும் அந்தக் குழுவில் இருந்தார்.

நம் பெயர்களை யோசித்துப் பாருங்கள். ஒரு பெயர், நடுவில் த/பெ, அப்புறம் அப்பா பெயர், அவ்வளவுதான். முருகன், ராஜு, குமார், கிருஷ்ணன், முனியாண்டி, சுப்பிரமணியம் என்று ஒரு பத்துப் பதினைந்து பெயரை மாற்றி மாற்றிச் சேர்த்தால் ஒரு மாவட்டத்தின் பாதி ஆண்கள் வந்துவிடுவார்கள். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்து, 'நெட்டை', 'மேல்லயம்' என்று அடைமொழி வைத்துப் பிரித்துக் கூப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அடைமொழி கோர்ட்டுத் தாளில் வராது.

இன்னொரு பக்கம், நீங்கள் தேடும் ஆள் பட்டியலிலேயே இருப்பார், உங்கள் கண்ணில் படமாட்டார். பிறப்புப் பத்திரத்தில் அந்தக் காலத்துக் கிராணி எப்படி எழுதினாரோ அதுதான் சட்டப்பெயர். லட்சுமணன் நடுவில் 'டி, சி, எச்' போட்டு லெட்சுமணனாக இருப்பார். கோவிந்தசாமி 'ஜி'யில் இருக்கலாம், 'கே'யிலும் இருக்கலாம். வேலுவுக்கு ஒருவர் 'யு' போட்டிருப்பார், இன்னொருவர் இரண்டு 'ஓ' போட்டிருப்பார். அண்ணனுக்கு ஒரு எழுத்து, தம்பிக்கு வேறு எழுத்து என்று ஒரே வீட்டில் இரண்டு விதமாக அப்பா பெயர் கிடக்கும். ஊரே 'குட்டி' என்று கூப்பிடும் ஆளின் ஐசியில் என்ன பெயர் என்று அவன் பெண்டாட்டிக்கே சமயத்தில் தெரியாது.

சரி, என் கதை. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். எங்கள் லயத்து அக்கா ஒருவர் வந்தார். மகளுக்குச் சுங்காய் பக்கம் ஒரு தோட்டத்தில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். "நீதான் கோர்ட்டுல இருக்கியே தம்பி, பையன் மேல எதாவது இருக்கான்னு பாத்துச் சொல்லேன்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளே ஆபீசில் பழைய பைல்களைப் புரட்டினேன். அதே பெயர், அதே அப்பா பெயர், அபாயகர மருந்துகள் சட்டம் 15(1)(ஏ), போதைப்பொருளைத் தானே உட்கொண்ட குற்றம். அன்று சாயங்காலமே அக்கா வீட்டு வாசலில் நின்று "வேண்டாம் அக்கா" என்றேன். நிச்சயம் நின்றது.

நாலு மாதம் கழித்து அதே பெயரைக் கோர்ட்டில் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியவருக்குத் தலை முழுக்க நரை, ஐம்பது வயதிருக்கும். மாப்பிள்ளைப் பையனுக்கு 27. என் கையில் இருந்த குற்றச்சாட்டுத் தாளிலேயே ஐசி நம்பர் அச்சடித்துக் கிடந்தது. முதல் இரண்டு எண்ணைப் பார்த்திருந்தால் போதும், பிறந்த வருடம் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். மகளுக்கு வேறு இடத்தில் பேசி முடித்திருந்தார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. "சரி, கோப்பி ஆறுது, குடிச்சிட்டுப் போ" என்றார். அந்தப் பையனின் அம்மா மட்டும் இன்றுவரை திருவிழாவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதனால் ஐசி எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 12 எண். முதல் ஆறு பிறந்த வருடம், மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம், பேராக் என்றால் 08. கடைசி எண் ஒற்றைப்படை ஆணுக்கு, இரட்டைப்படை பெண்ணுக்கு. வாசல் பட்டியலில் பெயரும் வழக்கு எண்ணும் கிடைத்தால் அது ஒரு துப்பு, அவ்வளவுதான். அந்த எண்ணையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஐசி நகலையும் பதிவுக் கவுண்டரில் கொடுத்து, இவர்தானா என்று கேளுங்கள். என்ன உறவு என்று கேட்பார்கள், அதனால் அம்மாவையோ மனைவியையோ கூடவே கூட்டிப்போங்கள். பெயர் கூப்பிடும்போது உள்ளே உட்கார்ந்து ஆளைக் கண்ணால் பார்ப்பது இன்னும் நல்லது. அதுவரை வாட்ஸ்அப்பைத் தொடாதீர்கள்.

அன்று அந்தத் தம்பிகள் படம் எடுத்த பட்டியலில் இருந்த ஆளுக்கு வயது 43. அவர்கள் தேடிய பையனுக்கு 21.

பழைய நம்பரையே பிடித்துத் தொங்குவது

வழக்கு எண்ணின் முதல் எழுத்து மாநிலம், பேராக்குக்கு 'ஏ'. அப்புறம் வரும் 83 மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக் குற்ற வழக்கு, 62 செஷன்ஸ், 45 உயர்நீதிமன்றம். கடைசியில் வரிசை எண், மாதம், வருடம். அபாயகர மருந்துகள் சட்டம் 39பி போதைக் கடத்தல் வழக்கு 83இல் தொடங்கும், ரசாயன அறிக்கை வந்ததும் உயர்நீதிமன்றத்துக்குப் போய் 45இல் புது எண் வாங்கும். பழைய எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு "கேஸ் முடிஞ்சிருச்சு" என்று வீட்டில் பாயசம் வைத்தவர்கள் உண்டு.

'டிலெபாஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் கிளம்பிவிடுவது

கோர்ட்டில் மலாயில் சொல்வார்கள். 'டிலெபாஸ் டான் டிபெபாஸ்கான்' என்றால் விடுதலை, கணக்குத் தீர்ந்தது. 'டிலெபாஸ் தன்பா டிபெபாஸ்கான்' என்றால் இப்போதைக்கு வீட்டுக்குப் போகலாம், அதே குற்றத்துக்கு நாளை மறுபடி கூப்பிடலாம். நடுவில் இருக்கும் அந்த ஒரு சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பத்திரிகை பார்ப்பவர்களுக்கும் இதேதான்: பிடிபட்டார், குற்றம் சாட்டப்பட்டார், குற்றவாளி என்று தீர்ப்பானது. மூன்றும் மூன்று வேறு நாள் செய்தி.

இணையத்தில் தீர்ப்பு இல்லை என்பதால் கேஸே இல்லை என்பது

மாஜிஸ்திரேட்டிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய வழக்குக்கு யாரும் பக்கம் பக்கமாகத் தீர்ப்பு எழுதுவதில்லை. மேல்முறையீடு போனால்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். அந்த மேல்முறையீட்டுக்கும் 14 நாள்தான் நேரம், தேடிக்கொண்டே நாளைக் கடத்தாதீர்கள்.

18 வயது ஆகாத பிள்ளையின் வழக்கைத் தேடுவது

தேடாதீர்கள். சிறார் நீதிமன்றம் மூடிய அறை. பெயரைப் பரப்பினால் மாட்டிக்கொள்வது நீங்கள்.

'ரெக்கார்டை அழித்துத் தருகிறேன்' என்பவருக்குக் காசு கொடுப்பது

ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

தண்டனையைத் தீர்ப்பு நாளிலிருந்து எண்ணுவது

தீர்ப்பில் 'டாரி தாரிக் தங்காப்' என்று சொன்னார்களா என்று கவனியுங்கள். கைதான நாளிலிருந்து தண்டனை ஓடுகிறது என்று அர்த்தம். ஒழுங்காக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடியும் உண்டு. ஆக 18 மாதம் என்று தீர்ப்பானால், கைதான நாளிலிருந்து 12 மாதத்தில் ஆள் வெளியே வரலாம். சிறைக்குப் பார்க்கப் போகும் முன்னும் போன் செய்து கேளுங்கள். தாப்பாவில் இருந்தவரைத் தைப்பிங்குக்கு மாற்றியிருப்பார்கள், வாடகைக் கார் காசு வீண்.

எங்கள் பக்கம் ஒரு பையன். தீர்ப்பு வந்த நாளிலிருந்து அவன் அம்மா 18 மாதத்தைக் காலண்டரில் ஒவ்வொரு கட்டமாக அடித்துக்கொண்டு வந்தார். அவன் ஒரு புதன்கிழமை காலையில் பீடோரில் பஸ்ஸிலிருந்து இறங்கி, பிளாஸ்டிக் பையோடு தோட்டத்துக்கு நடந்தே வந்தான். கூப்பிட யாரும் போகவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. அம்மா செம்பனை உதிரிப் பழம் பொறுக்கப் போயிருந்தார், மதியம் இரண்டு மணி வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.