நடந்து பழகிய கால் ஓடிப் பழக: 5 கிலோமீட்டர் நிதி திரட்டும் ஓட்டத்துக்குப் பத்து வாரத் தயாரிப்பு

செட்டிநாட்டில் நடைக்குப் பஞ்சமில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்தே போய் வருகிறவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். அதனாலேயே ஒரு தவறான தைரியம் வந்துவிடுகிறது. "பழனிக்கே நடக்கிறோம், 5 கிலோமீட்டர் எம்மாத்திரம்?" என்று முதல் நாளே மூச்சு முட்ட ஓடுவார்கள். ஒரு வாரத்துக்குள் முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

நடக்கும்போது ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது ஒரு கணம் இரண்டு காலும் அந்தரத்தில் இருக்கும். பிறகு உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்கும். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். "இன்னும் ஓடலாம்" என்று நெஞ்சு சொல்லும் நேரத்தில் கால் தயாராக இருக்காது. கீழே உள்ள அட்டவணை உங்களை வேண்டுமென்றே இழுத்துப் பிடிப்பது இதற்காகத்தான்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், ஓடும் நாளில் அளவை மாற்ற வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த ஓட்டம், எந்த மாதம்

ஓட்டத்துக்குக் குறைந்தது பத்து வாரம் இருக்க வேண்டும். நம் பக்கம் ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம். அதற்கு நவம்பரில் தொடங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை குறுக்கே வரும். தூறலில் ஓடலாம். இடி மின்னல் இருந்தால் வேண்டாம். ஈரமான சிமெண்ட் தரையிலும் பாசி பிடித்த ஊரணிப் படியோரத்திலும் வேண்டவே வேண்டாம். ஏப்ரல், மே மாத ஓட்டத்தை முதல் ஓட்டமாக எடுக்காதீர்கள்.

நுழைவுக் கட்டணத்தில் எவ்வளவு உதவிக்குப் போகிறது, எவ்வளவு டி-ஷர்ட்டுக்கும் பந்தலுக்கும் போகிறது என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் வேறு ஓட்டம் பாருங்கள். உறவினரிடம் நீங்களே நிதி திரட்டுவதானால் மொய் நோட்டைப் போலவே பெயர், ஊர், தொகை என்று எழுதி வையுங்கள். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை (80ஜி) கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம்: ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. பணத்தை உங்கள் கணக்கில் வாங்காமல், அவரவர் பெயரில் நேராக அறக்கட்டளைக் கணக்குக்கே அனுப்பச் சொல்வது உத்தமம்.

படி 2: ஷூ

மற்ற எதிலும் சிக்கனம் பார்க்கலாம், இதில் கூடாது. பள்ளிக்கூட கேன்வாஸும் தட்டையான அடிப்பாகம் கொண்ட ஃபேஷன் ஷூவும் உதவாது.

கடைக்கு மாலையில் போங்கள். நாள் முழுதும் நின்று நடந்ததில் பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடப் போடும் சாக்ஸையே மாட்டிக்கொண்டு, இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நில்லுங்கள். நீளமான விரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவே கட்டை விரல் அகலம் இடம் வேண்டும். இந்த இடம் இல்லாவிட்டால்தான் நகம் கறுத்து விழுகிறது. குதிகால் மேலே கழன்று வரக் கூடாது. வழக்கமான அளவைவிட ஒரு எண் கூடுதலாக வந்தால் கூச்சப்பட வேண்டாம். கடைக்காரர் "போடப் போட விரியும்" என்பார். விரியாது.

முழுப் பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும், கொப்புளம் வரும். செயற்கை இழை கலந்தது நல்லது. பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிரா ஷூவுக்கு அடுத்த முக்கியமான செலவு. மற்றபடி துப்பட்டா இல்லாத தளர்ந்த குர்தா, டிராக் பேன்ட் போதும். தொடை உரசும் இடத்தில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

படி 3: எங்கே, எப்போது

காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையே முடித்துவிடுங்கள். பொழுது சாயும் நேரத்தில் வெயில் இருக்காது, ஆனால் தார் ரோடும் சுவரும் பகலில் வாங்கிய சூட்டை அப்போதுதான் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். மாலைதான் முடியும் என்றால் விளக்கு வைத்த பிறகு, வெளிச்சமுள்ள தெருவில்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர் மாதிரி ஊர்களில் நம் தெருக்கள் ஓடுவதற்கென்றே போட்டதுபோல நேராக இருக்கும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீட்டு வரிசையைச் சுற்றி வருவதை ஒரு சுற்றாக வைத்துக்கொள்ளலாம். தூரத்தை செல்போனில் ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டால் போதும். செம்மண் பாதை தாரைவிட மென்மையானது. உருளும் சரளையைப் பார்த்துக் கால் வையுங்கள். பள்ளி, கல்லூரி மைதானத்தில் அனுமதி கிடைத்தால் 400 மீட்டர் தடத்தின் உள்வரிசையில் பன்னிரண்டரைச் சுற்று 5 கிலோமீட்டர். பெரிய ரோட்டில் ஓட நேர்ந்தால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள்.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடையாக்குங்கள். ஓடினால் அது விடாது. கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். திண்ணையில் இருக்கும் ஆச்சி "யாரப்பா தொரத்துறா?" என்று கேட்பதற்கு மட்டும் மருந்து இல்லை. இரண்டு வாரத்தில் அவரே "இன்னைக்கு ஏன் லேட்டு?" என்பார்.

படி 4: அட்டவணை

வாரம் மூன்று நாள்: செவ்வாய், வியாழன், ஞாயிறு. அடுத்தடுத்த நாளில் ஓட வேண்டாம். ஒவ்வொரு முறையும் முதலில் 5 நிமிடம் வேக நடை, கடைசியில் 5 நிமிடம் மெது நடை. கீழே உள்ளது நடுவில் செய்ய வேண்டியது.

- 1, 2ஆம் வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 தடவை
- 3, 4ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 தடவை
- 5ஆம் வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 5 தடவை
- 6ஆம் வாரம்: 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 4 தடவை
- 7ஆம் வாரம்: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 3 தடவை
- 8ஆம் வாரம்: 12 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 2 தடவை
- 9ஆம் வாரம்: 15 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 2 தடவை. ஞாயிறன்று மட்டும் நேரம் பார்க்காமல் நாலரை கிலோமீட்டர்
- 10ஆம் வாரம்: செவ்வாய் 15 நிமிடம், வியாழன் 10 நிமிடம், ஞாயிறு அந்த 5 கிலோமீட்டர் ஓட்டம்

ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதையே இன்னொரு தடவை செய்யுங்கள். அடுத்ததற்குத் தாவ வேண்டாம். நடுவில் நடப்பது தோல்வி இல்லை. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே, ஓட்டமும் நடையும் மாறி மாறி வைக்கும் இந்த முறையைத்தான் பல ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்தார்.

வேகத்துக்கு ஒரு சோதனை இருக்கிறது. ஓடியபடியே "சித்தப்பா, நாளைக்குத் தேவகோட்டை பஸ் எத்தனை மணிக்கு வரும்?" என்று மூச்சு அறுபடாமல் முழுதாகச் சொல்ல முடிய வேண்டும். "சித்தப்பா" என்பதோடு நின்றால் வேகம் அதிகம். தொடங்குகிற பலருக்குக் கிலோமீட்டருக்கு 8 முதல் 9 நிமிடம் சரியாக வரும். அது வேக நடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். மெதுவாகப் போகிறோமே என்று வெட்கமாக இருந்தால் சரியாகப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

அடியைச் சின்னதாக வையுங்கள். காலை முன்னால் நீட்டிக் குதிகாலைக் குத்தினால் ஒவ்வொரு அடியும் பிரேக் போட்டதாகிவிடும். முழங்காலும் அதற்குக் கீழுள்ள முன்னெலும்பும் அந்த அடியை வாங்கும். பாதம் உடம்புக்கு நேர் கீழே இறங்கட்டும். கை முட்டியை இறுக்காதீர்கள், தோளைத் தொங்க விடுங்கள்.

படி 5: எந்த வலிக்கு என்ன செய்வது

தொடை, கெண்டைக்கால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலித்தால் அது பழகாத தசையின் வலி. இரண்டு நாளில் போகும், மெதுவாக நடக்கலாம்.

முன்னெலும்பின் உள்ளோரம் நெடுக வலித்தால் வேகத்தையோ தூரத்தையோ சட்டென்று கூட்டியிருக்கிறீர்கள். ஒரு வாரம் ஓட்டத்தை விடுங்கள். துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். திரும்பும்போது இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். எலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் கீறல் இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடாதீர்கள்.

விலாவில் பிடித்துக்கொண்டால் நடைக்கு மாறி, வாயைக் குவித்து மெதுவாக மூச்சை விடுங்கள். பெரும்பாலும் சாப்பிட்ட உடனே ஓடியதுதான் காரணம். நெஞ்சு வலி, தலைசுற்றல், படபடப்பு என்றால் அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது.

படி 6: சாப்பாடு, தண்ணீர்

காலை ஓட்டத்துக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர், வேண்டுமானால் பாதி வாழைப்பழம். இட்லி சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் இடைவெளி, முழுச் சாப்பாடென்றால் மூன்று. வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் எண்ணெயில் பொரித்தவை, செரிக்க நேரமாகும். ஓடி வந்த பிறகு இரண்டு சாப்பிடுங்கள், யாரும் தடுக்கவில்லை. நெய் சேர்த்துக் கிண்டிய கும்மாயத்தையும் ஓடி வந்த பிறகே சாப்பிடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும், பாக்கெட் பானம் தேவையில்லை. வீட்டுக்கு வந்து உப்புப் போட்ட நீர்மோர். சட்டையில் உப்புப் பூத்து, களைப்பும் தீரவில்லை என்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் குடியுங்கள். தாகம் இல்லாமலே லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும்.

கூட ஓடுகிறவர் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ வெப்பத் தாக்காக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108க்குக் கூப்பிடுங்கள். குழப்பத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

படி 7: ஓட்ட நாள்

முந்தின ராத்திரி வறுவலும் மிளகாய்க் காரமும் வேண்டாம். பழகிய சாதமோ இட்லியோ போதும். உங்கள் ஓட்ட எண் அச்சிட்ட 'பிப்' அட்டையை டி-ஷர்ட்டின் முன்பக்கம் நான்கு ஊக்கால் குத்தி வையுங்கள். அவர்கள் கொடுத்த புது டி-ஷர்ட்டையும் புது ஷூவையும் அன்றைக்கு முதன்முதலாகப் போடாதீர்கள், உரசிப் புண்ணாக்கும். முக்கால் மணி நேரம் முன்னதாகப் போனால் கழிப்பறை வரிசைக்குச் சரியாக இருக்கும்.

பின்வரிசையில் நில்லுங்கள். கொட்டு முழங்கியதும் எல்லோரும் பாய்வார்கள். முதல் கிலோமீட்டரை உங்கள் பயிற்சி வேகத்தைவிட மெதுவாகவே ஓடுங்கள். பாய்ந்தவர்களில் பாதிப் பேரை மூன்றாவது கிலோமீட்டரில் நடந்துகொண்டிருக்கப் பார்ப்பீர்கள். தண்ணீர்ப் பந்தலில் நின்று குடியுங்கள், ஓடிக்கொண்டே குடித்தால் புரையேறும். நாற்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிடத்தில் முடித்தால் இந்த அட்டவணைக்கு நல்ல கணக்கு.

எல்லையைத் தாண்டியதும் உட்காராதீர்கள், பத்து நிமிடம் நடங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். இரண்டு மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகு 7ஆம் வார அளவில் மறுபடி ஆரம்பிக்கலாம். பணம் கொடுத்தவர்களுக்கு ரசீது போய்ச் சேர்ந்ததா என்று அந்த வாரமே விசாரியுங்கள். வரிச் சலுகைக்கான நன்கொடைச் சான்றிதழை நிதியாண்டு முடிந்த பிறகுதான் அறக்கட்டளை தரும், மே மாதம் ஒருமுறை நினைவுபடுத்துங்கள்.