தோல்விகளிலிருந்து தொடங்குங்கள்: ஹுவான் மானுவேல் மார்க்கேஸின் போட்டிப் பதிவை வாசிக்கும் முறை

தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர் ஒருவரின் வாழ்க்கையை அறிய விரும்புபவர் முதலில் காண்பது நான்கு எண்களைத்தான். மெக்சிகோவின் ஹுவான் மானுவேல் மார்க்கேஸுக்கு அவை 64 போட்டிகள், 56 வெற்றிகள், 7 தோல்விகள், 1 சமநிலை. வெற்றிகளில் 40 நாக் அவுட்டில் கிடைத்தவை. அவரைப் பயிற்றுவித்த இக்னாசியோ பெரிஸ்தைனிடமே பயின்ற ரிக்கார்டோ லோபஸ், 51 வெற்றிகளோடும் ஒரே ஒரு சமநிலையோடும், தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றவர். எண்களை மட்டும் அருகருகே வைத்தால் மார்க்கேஸ் ஒரு படி கீழே இருப்பதாகத் தோன்றும். அந்த ஏழு தோல்விகளையும் ஒரு சமநிலையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கோ, கடந்த முப்பது ஆண்டுகளின் மிகச் சிறந்த குத்துச்சண்டை வாழ்க்கைகளில் ஒன்று அங்கேதான் திறந்துகொள்ளும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான வழிமுறையை இங்கே எழுதுகிறேன். இதே முறையில் வேறு எந்த வீரரின் பதிவையும் வாசிக்கலாம்.

முதலில் ஒரு தாளை எடுத்துத் தோல்விகளை மட்டும் தேதி வரிசையில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் அது எப்படி முடிந்தது என்பதைக் குறியுங்கள். மார்க்கேஸின் முதல் தோல்வி அவருடைய முதல் போட்டியிலேயே, 1993 மே 29 அன்று, ஹாவியர் துரானுக்கு எதிராக முதல் சுற்றில் நேர்ந்த தகுதிநீக்கம். அதன்பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் தோல்வியே இல்லை. 1999 செப்டம்பரில் ஃபிரெடி நார்வுட், 2006 மார்ச்சில் இந்தோனேசியாவில் கிறிஸ் ஜான், 2008 மார்ச்சில் பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவ், 2009 செப்டம்பரில் ஃப்ளாய்ட் மேவெதர், 2011 நவம்பரில் மீண்டும் பாக்கியாவ், 2013 அக்டோபரில் திமோதி பிராட்லி என்று பட்டியல் முடிகிறது. எழுதி முடித்ததும் ஓர் உண்மை கண்ணில் படும். 21 ஆண்டுகளில் ஒருவராலும் இவரை நாக் அவுட் செய்ய முடியவில்லை. தகுதிநீக்கம் நீங்கலான ஆறு தோல்விகளும் மதிப்பெண் அட்டையில், அதாவது நடுவர்கள் சுற்றுவாரியாக இட்ட புள்ளிகளின் கூட்டலில், வந்தவை. அந்த ஆறிலும் மூன்றில் மட்டுமே மூன்று நடுவர்களும் ஒத்துப்போனார்கள். மற்ற மூன்றில் அவர்களுக்குள்ளேயே கருத்து பிளவுபட்டது. ஆகவே தோல்வி என்ற ஒரே சொல்லுக்குக் கீழே மூன்று வெவ்வேறு நிகழ்வுகள் இருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் கூட்டுவது வாசிப்பவர் செய்யும் முதல் பிழை.

அடுத்தது தேதியும் இடமும். பெரிய மெக்சிகோ வீரர்களின் முக்கியப் போட்டிகள் மே மாத முதல் வாரத்தை ஒட்டியும், செப்டம்பர் 16 அன்று வரும் மெக்சிகோ சுதந்திர நாளை ஒட்டியும் பெரும்பாலும் லாஸ் வேகாஸில் அமைவதைக் காண்பீர்கள். அந்த நாட்களில் அங்கே திரளும் மெக்சிகோ ரசிகர்களின் கூட்டமே அதற்குக் காரணம். 2004 மே 8 அன்று பாக்கியாவுடனான முதல் போட்டியும், 2008 செப்டம்பர் 13 அன்று ஹோயெல் காசமயோரை வீழ்த்திய போட்டியும், 2009 செப்டம்பர் 19 அன்று மேவெதருடனான போட்டியும் இந்த நாட்காட்டியில் பொருந்துகின்றன. எனவே இதில் பொருந்தாமல் வரும் பெரிய போட்டியைக் கண்டால் நின்று காரணம் தேடுங்கள். 2006இல் ஒரு மெக்சிகோ வீரர் இந்தோனேசியாவின் தெங்காரோங் வரை சென்று, உள்ளூர் வீரரிடம் உள்ளூர் ரசிகர்கள் முன்னிலையில் மோதியது ஏன்? பாக்கியாவுடனான மறுபோட்டிப் பேச்சு முறிந்துபோக, பட்டத்துக்கான வாய்ப்பைத் தேடி, சுமார் 31,000 டாலர் ஊதியத்துக்கு அவர் அந்தப் போட்டியை ஏற்றார். பின்னாளில் ஒரே இரவில் பல லட்சம் டாலர் ஈட்டிய வீரரின் பதிவில் அந்த ஒரு வரி எவ்வளவு கசப்பைச் சுமக்கிறது என்பதை வெற்றி தோல்விக் கணக்கு சொல்லாது.

எடையைப் படிக்காமல் எந்தக் குத்துச்சண்டைப் பதிவையும் புரிந்துகொள்ள இயலாது. மார்க்கேஸ் தம் முதல் உலகப் பட்டத்தை 2003 பிப்ரவரியில் 126 பவுண்டு பிரிவில், அதாவது சுமார் 57 கிலோவில், மானுவேல் மெதினாவை ஏழாவது சுற்றில் நிறுத்தி வென்றார். பிறகு 130 பவுண்டு, 135 பவுண்டு என்று ஏறினார். மேவெதருடனான போட்டிக்கு ஒப்புக்கொண்ட உச்ச எடை 144 பவுண்டு. மார்க்கேஸ் 142இல் நிற்க, மேவெதர் 146இல் வந்து, அந்த மீறலுக்காக 6 லட்சம் டாலர் ஈடு கொடுத்தார். அந்த இரவின் மதிப்பெண்கள் 120-107, 119-108, 118-109. மேவெதரின் திறனே அந்த வெற்றிக்குப் பெரும் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒன்பது பவுண்டு கீழேயிருந்த பிரிவிலிருந்து ஏறி வந்த ஒருவரின் தோல்வியை, சம எடையில் நேர்ந்த தோல்வியோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமன்று. பட்டங்களை எண்ணும்போதும் இதே கவனம் தேவை. நான்கு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றவர் என்று அவரைச் சொல்வார்கள். நான்காவதான 140 பவுண்டுப் பட்டம் 2012 ஏப்ரலில் மெக்சிகோ நகரில் இடைக்காலப் பட்டமாகவே அவர் கைக்கு வந்தது. இதைக் குறித்துக்கொள்வதால் அவர் பெருமை குறையாது, உங்கள் கணக்குத்தான் நேராகும்.

இனி மதிப்பெண் அட்டை. ஒரு சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்குப் பெரும்பாலும் 9. ஒருமுறை கீழே விழுந்தவர் வழக்கமாக இன்னொரு புள்ளியை இழப்பார். 2004இல் பாக்கியாவுடனான முதல் போட்டியின் முதல் சுற்றிலேயே மார்க்கேஸ் மூன்று முறை விழுந்தார். அப்படிப்பட்ட சுற்றுக்கு 10-6 என்பதே கணக்கு. இரண்டு நடுவர்கள் அவ்வாறே எழுத, மூன்றாமவர் 10-7 என்று எழுதினார். அது தம் தவறு என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். இறுதியில் ஒருவர் 115-110 என்று மார்க்கேஸுக்கும், ஒருவர் 115-110 என்று பாக்கியாவுக்கும், மூன்றாமவர் 113-113 என்றும் கொடுக்க, போட்டி சமநிலையில் முடிந்தது. அந்த ஒரு புள்ளி சரியாக எழுதப்பட்டிருந்தால் பாக்கியாவ் வென்றிருப்பார். மார்க்கேஸை நேசிக்கும் நான் இதை மறைக்காமல் சொல்வது அவசியம். ஏனெனில் பின்வந்த இரண்டு தோல்விகளை அநீதி என்று பேசும் ரசிகர்கள் இந்தப் புள்ளியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அட்டையை நம்புவதா வேண்டாமா என்ற கேள்விக்கு ஒரே விடை, நீங்களே மதிப்பெண் போடுவது. வர்ணனையின் ஒலியை முற்றிலும் அடக்கிவிட்டுப் போட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றும் முடிந்து வரும் ஒரு நிமிட இடைவேளையிலேயே உங்கள் எண்ணை எழுதிவிடுங்கள். அடுத்த சுற்றைப் பார்த்த பின் முந்தையதைத் திருத்தாதீர்கள். முன்னேறி வருபவர் யார் என்று பார்க்காமல், யாருடைய குத்து கையுறையிலோ தோளிலோ தடைபடாமல் முகத்திலும் உடலிலும் சென்று பதிகிறது என்று பாருங்கள். மெக்சிகோக் குத்துச்சண்டை என்றதும் ஹூலியோ செசார் சாவேஸைப் போல் எதிரியை நெருக்கித் தள்ளிக் கல்லீரலைத் தாக்கும் இடது ஹூக் என்ற வளைகுத்தையே பலரும் நினைக்கிறார்கள். மார்க்கேஸ் அந்த அச்சில் வார்க்கப்பட்டவர் அல்லர். அவர் பின்வாங்கி, எதிரி குத்தும் கணத்தில் திறக்கும் இடைவெளியில் எதிர்க்குத்து விடுபவர். ஆகவேதான் அவருடைய சுற்றுகள் நடுவர்களைப் பிளந்தன. முன்னேறுபவருக்குச் சாய்பவர் பாக்கியாவுக்கும், துல்லியத்துக்குச் சாய்பவர் மார்க்கேஸுக்கும் கொடுத்தார்கள். 2011இல் நடந்த மூன்றாவது போட்டிக்கு நடுவர்கள் கொடுத்தவை 114-114, 115-113, 116-112. பின்னிரண்டும் பாக்கியாவுக்கு. ஒலியடக்கிப் பார்த்தபோது என் தாளில் மார்க்கேஸ் இரண்டு சுற்றுகள் முன்னே இருந்தார். உங்கள் தாள் வேறு சொன்னால் அதையே நம்புங்கள்.

பதிவில் இடம்பெறாமலே போகும் நிகழ்வுகளும் உண்டு. 2007 மார்ச் 17 அன்று மார்கோ அந்தோனியோ பாரேராவுடனான போட்டியின் ஏழாவது சுற்றில் பாரேராவின் குத்தில் மார்க்கேஸ் விழுந்தார். களநடுவர் அதை வீழ்ச்சியாக எண்ணவில்லை. விழுந்தவரை அடித்ததற்காகப் பாரேராவே ஒரு புள்ளி இழந்தார். பதிவிலோ மார்க்கேஸின் ஒருமனதான வெற்றி என்ற குறிப்பு மட்டுமே நிற்கிறது.

2012 டிசம்பர் 8 அன்று பாக்கியாவுடன் நடந்த நான்காவது போட்டிக்கு மட்டும் ஒரு தனி மாலையை ஒதுக்குங்கள். மூன்றாவது சுற்றில் மார்க்கேஸின் நீண்டு வளைந்து வந்த வலக்கைக் குத்து பாக்கியாவை வீழ்த்துகிறது. ஐந்தாவதில் பாக்கியாவ் அவரைத் திருப்பி வீழ்த்துகிறார். ஆறாவதில் மார்க்கேஸின் மூக்கு உடைந்து இரத்தம் வழிகிறது, வாயால் மூச்சு விடுகிறார். மூன்று அட்டைகளிலும் 47-46 என்று பாக்கியாவே முன்னிலையில் இருக்கிறார். சுற்று முடியச் சில வினாடிகள் இருக்கையில் பாக்கியாவ் ஜேப் என்ற முன்கை நேர்க்குத்தோடு உள்ளே பாய்கிறார். மார்க்கேஸ் ஓடாமல் பின்காலில் ஊன்றி நிற்கிறார். வலக்கை, இம்முறை குறுகியும் நேராகவும், பாய்ந்து வரும் முகத்தை வழியிலேயே சந்திக்கிறது. கடிகாரம் 2:59. மூன்றாவது சுற்றின் வலக்கையையும் ஆறாவதின் வலக்கையையும் மாற்றி மாற்றி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒரே கை, இரண்டு பாதைகள். எட்டரை ஆண்டுகளில், நான்கு போட்டிகளில், ஒரே எதிரியோடு 42 சுற்றுகளைக் கண்ட ஒருவர் கற்றது அந்த வேறுபாட்டில் தெரியும். பெரிஸ்தைனின் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர்களுக்குப் பொதுவான அடையாளமான நெருங்கிய கைக்காப்பும் சிக்கனமான கால்நகர்வும் இங்கே முழுமையாக வெளிப்படுகின்றன.

கடைசி வரிகளை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். 2013இல் பிராட்லியிடம் பிளவுபட்ட முடிவில் தோற்ற பின், 2014 மே 17 அன்று இங்கிள்வுட்டில், 40 வயதில், மைக் அல்வராடோவை எட்டாவது சுற்றில் வீழ்த்தி, ஒன்பதாவதில் தாமும் விழுந்தெழுந்து, மூன்று நடுவர்களின் ஒருமித்த தீர்ப்பில் அவர் வென்றார். ஓய்வை அறிவித்தது 2017இல்தான். நடுவிலிருக்கும் அந்த மூன்று ஆண்டுகளுக்குப் பதிவில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் தாளில் அந்த வெற்றிடத்துக்கும் ஒரு வரி ஒதுக்கி, முழங்கால் காயம் என்று எழுதி வையுங்கள்.