வடசென்னை வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு: எடுப்பது எப்படி, சறுக்குவது எங்கே

இந்த வேலையை ஆடி மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீர் வாசற்படியைத் தொட்ட பிறகு எடுக்கும் பாலிசி அந்தத் தண்ணீருக்குச் செல்லாது.

"வெள்ளத்துக்கு மட்டும் ஒரு பாலிசி" என்று கேட்டு அலையவும் வேண்டாம். 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி நடைமுறையில் இருக்கிறது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது பிரீமியமும் கிளெய்ம் சேவையும். பிரீமியத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி.

1. கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

வீட்டுக் கடன் வாங்கியவர்கள் பலர் "பேங்க்லயே இன்சூரன்ஸ் போட்டுட்டாங்க" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் பாலிசி. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அதில் ஒரு பைசா வராது. கட்டடத்துக்கே போட்டிருந்தாலும், கடன் தொகை அளவுக்கு மட்டுமா, உள்ளே இருக்கும் பொருட்களும் சேர்ந்தா என்று பார்க்க வேண்டும்.

2. தொகை கணக்கு: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

பத்திரத்தில் இருக்கும் விலையைக் காப்பீட்டுத் தொகையாக எழுதிவிடுகிறார்கள். பெரம்பூரிலோ கொளத்தூரிலோ ஒரு ஃபிளாட் விலையில் பெரும்பங்கு மனையின் விலை. வெள்ளம் மனையை அடித்துக்கொண்டு போவதில்லை. இங்கே கணக்கு: கார்பெட் ஏரியா × இன்றைய கட்டுமானச் செலவு. அவ்வளவுதான்.

கார்பெட் ஏரியா என்றால் வெளிச்சுவரைக் கழித்து உள்ளே நடமாடும் தரைப் பரப்பு. உள் தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். பால்கனி, வராண்டா போன்றவற்றில் கால் பங்கு மட்டும் சேரும். பில்டர் கொடுத்த 'சூப்பர் பில்ட்அப்' எண்ணை (படிக்கட்டு, லிஃப்ட் போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்த பரப்பு) நம்ப வேண்டாம். டேப் வைத்து அறை அறையாக அளப்பதுதான் சரி. லேசர் மீட்டர் வாங்கச் செலவு செய்யாதீர்கள், 5 மீட்டர் ஸ்டீல் டேப் போதும்.

விண்ணப்பத்தில் பரப்பளவைச் சதுர மீட்டரில் கேட்பார்கள். நமக்கு வாயில் வருவது சதுர அடி. 600 சதுர அடியை 10.764 ஆல் வகுத்தால் 55.74 சதுர மீட்டர். கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் மொத்தம் 12 லட்சம். சதுர மீட்டர் கேட்கும் கட்டத்தில் 600 என்றே அடித்துவிட்டால் தொகை 1.29 கோடிக்குப் போய் நிற்கும், பிரீமியமும் கூடவே ஏறும். கிளெய்ம் வரும்போது கொடுப்பது உண்மையான சேதத்துக்குத்தான். கூடுதலாகக் கட்டியது வீண். குறைத்து எழுதினாலும் ஆபத்து: பாலிசியில் எழுதிய தொகைதான் உச்சவரம்பு.

தனி வீட்டுக்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். காம்பவுண்டு சுவர், கேட், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் இவையும் கட்டடத்தோடு சேரும், ஆனால் அவற்றின் மதிப்பை நீங்கள்தான் தனியாகச் சொல்ல வேண்டும். ஓட்டேரி நல்லா கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய் ஓரத்து வீடுகளில் இந்த வரியைக் காலியாக விடவே கூடாது.

கட்டடத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாக உயரும், அதற்குத் தனி பிரீமியம் இல்லை.

3. பொருட்கள்

கட்டடத்தைக் காப்பீடு செய்தால் வீட்டுப் பொருட்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகச் சேரும். மேலே சொன்ன 12 லட்சத்துக்கு 2.4 லட்சம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பீரோ, கட்டில், துணிமணி என்று கூட்டிப் பாருங்கள். போதாவிட்டால் பட்டியல் கொடுத்து உயர்த்தலாம். நகைக்குத் தனியாக விருப்பப் பிரிவு உண்டு. ரொக்கப் பணமும் வண்டியும் இதில் வராது. வாடகைக்கு இருப்பவர் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

முன் அறையில் பெட்டிக்கடையோ தையல் மெஷினோ வைத்திருந்தால் அந்தச் சரக்கு வீட்டுப் பாலிசியில் சேராது. அதற்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று சிறு தொழிலுக்கான பாலிசி இருக்கிறது.

மழைக்கு முன் வீடு முழுவதையும் ஒரே வீடியோவாக எடுங்கள். பீரோவைத் திறந்து காட்டி, ஒவ்வொரு மின்சாதனத்தின் பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண், சீரியல் எண் தெரியும்படி எடுக்க வேண்டும். போட்டோவை விட வீடியோவே மேல்: எந்தப் பொருள் எந்த அறையில், எந்த உயரத்தில் இருந்தது என்று தெரியும். உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள், போன் நனைந்தாலும் அது தப்பிக்கும்.

4. தண்ணீர் வடிந்த அன்று

பிளக்கைச் செருகாதீர்கள். "ஓடுதான்னு பார்ப்போம்" என்று நனைந்த ஃபிரிட்ஜைப் போட்டுப் பார்ப்பதுதான் கிளெய்மைக் கெடுக்கும் முதல் காரியம். வெள்ளநீர் புகுந்து கெட்டால் காப்பீடு உண்டு. ஷார்ட் சர்க்யூட்டால் மின்சாதனம் கெட்டால் அது பாலிசியின் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. நனைந்த கம்ப்ரசருக்கு மின்சாரம் கொடுத்த நிமிடமே முதல் வகைச் சேதத்தை இரண்டாம் வகைக்குத் தள்ளிவிடுகிறீர்கள். மெயின் ஸ்விட்சை அணைத்து வையுங்கள், எலக்ட்ரீஷியன் சோதித்த பிறகு போடலாம். சர்வீஸ் ஆள் வந்தால் ஜாப் ஷீட்டில் சீரியல் எண்ணையும் "வெள்ளநீர் புகுந்ததால் பழுது" என்ற வரியையும் எழுதி வாங்குங்கள்.

அடுத்து, சுவரில் தண்ணீர் நின்ற கோடு. கழுவுவதற்கு முன் அதன் பக்கத்தில் டேப்பைப் பிடித்துப் படம் எடுங்கள். வாசல், ஹால், சமையலறை மூன்று இடமும் வேண்டும்.

கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்கள். போனில் சொன்னாலும் மெயிலும் அனுப்ப வேண்டும். அன்று எழுதும் வாக்கியம் முக்கியம். டாய்லெட் வழியாகச் சாக்கடை மேலே வந்திருந்தால் "சாக்கடை அடைப்பு" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தேதியில் தெருவில் வெள்ளம் நின்றது, அதன் அழுத்தத்தால் கழிவுநீர் எப்படி உள்ளே வந்தது என்று நடந்ததை வரிசையாக எழுதுங்கள். பழைய ஓதம், மெதுவான கசிவு, தேய்மானம் இவற்றுக்குப் பணம் இல்லை. உங்கள் சேதம் அந்த வகை அல்ல என்பது முதல் கடிதத்திலேயே தெரிய வேண்டும்.

சர்வேயர் (சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் ஆள்) வரும் வரை நாசமான பொருட்களை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வியாசர்பாடி சந்தில் நனைந்த மெத்தையை நாலு நாள் வைத்திருக்க முடியாது என்பதும் உண்மை. வேறு வழியில்லை என்றால் எண்ணிட்ட பட்டியல், படம் இரண்டையும் மெயிலில் அனுப்பி, "சுகாதாரக் காரணத்தால் அகற்றுகிறோம்" என்று எழுதிய பிறகே குப்பை வண்டியில் ஏற்றுங்கள்.

பிறகு சேர்த்தவை

எண்ணூர், எர்ணாவூர் பக்கத்திலிருந்து வந்த கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வந்தது போல எண்ணெய் கலந்த தண்ணீர் சுவரில் கறை ஏற்றினால்? மாசுபாட்டுச் சேதம் பொதுவாக விலக்கு. ஆனால் அந்த மாசு வெள்ளம் போன்ற காப்பீட்டு நிகழ்வால் வந்ததென்றால் விலக்கு பொருந்தாது. ஆகவே எண்ணெய்க் கறையும் தண்ணீர்க் கோடும் ஒரே படத்தில் தெரிய வேண்டும்.

அடுக்குமாடியில் உங்கள் பாலிசி உங்கள் ஃபிளாட்டுக்கு. லிஃப்ட், பொது மோட்டார் இவற்றுக்குச் சங்கம் தனியாக எடுக்க வேண்டும்.

கிளெய்மை மறுத்தால்: முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் சரியில்லையென்றாலோ சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். பதில் வந்ததிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், இழப்பீட்டு வரம்பு 50 லட்சம். புகாரைப் பதிவு செய்ய காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 'பீமா பரோசா' தளமும் 155255 எண்ணும் உண்டு.