கூகுளைத் தாண்டியும் உங்கள் தளம் கிடைக்க: பிங்கிலிருந்து தொடங்குங்கள்

சிறுதானியச் சமையல் பற்றி ஒரு தளம் நடத்துகிறேன். "டக்டக்கோவில் எவ்வளவு தேடியும் உங்கள் வரகுப் பொங்கல் குறிப்பு வரவில்லையே" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். கூகுளில் அதே குறிப்பு முதல் பக்கத்திலேயே நின்றது. அவருடைய கடிதத்தைப் படித்த பிறகுதான் மற்றத் தேடுபொறிகளை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை என்பது உறைத்தது.

டக்டக்கோவும் யாகூவும் வழக்கமான தேடல் முடிவுகளைப் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் பிங்கிடமிருந்தே பெறுகின்றன. ஆகவே பிங்கில் இடம்பிடித்தால் மற்ற இரண்டிலும் சேர்ந்தே இடம் கிடைக்கும். இதற்குத் தனியாகக் கட்டுரை எழுத வேண்டாம், பணமும் வேண்டாம். ஒரு மாலைப்பொழுது ஒதுக்கினால் போதும்.

முதல் படி: உள்ளே இருக்கிறீர்களா என்று பாருங்கள்

பிங் தேடல் பெட்டியில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் உங்கள் டொமைன் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் நல்லது. ஒன்றுமே வரவில்லை என்றால் அடுத்த படியை நிதானமாகச் செய்யுங்கள்.

இரண்டாம் படி: கதவு பூட்டியிருக்கிறதா?

என் தளத்தில் கோளாறு இங்கேதான் இருந்தது. தேடுபொறிகளின் தவழிகள், அதாவது பக்கங்களைப் படித்துச் செல்லும் நிரல்கள், ஒரு தளத்துக்குள் நுழையும்போது முதலில் ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற சிறு கோப்பைத்தான் படிக்கும். உங்கள் முகவரிக்குப் பின் சாய்கோடு இட்டு அந்தக் கோப்பின் பெயரை ஆங்கிலத்தில் சேர்த்தால் பிரவுசரிலேயே பார்த்துவிடலாம். என்னுடையதில் இருந்தவை இந்த நான்கு வரிகள்தாம்:

யூசர்-ஏஜென்ட்: கூகுள்பாட்
டிஸ்அலோ:
யூசர்-ஏஜென்ட்: *
டிஸ்அலோ: /

'டிஸ்அலோ' என்றால் 'நுழையாதே'. முதல் இரண்டு வரிகளில் அதன் பின் எதுவும் இல்லாததால், கூகுளின் தவழியான கூகுள்பாட்டுக்குத் தடை எதுவும் இல்லை. மூன்றாம் வரியின் நட்சத்திரக் குறிக்கு 'மற்ற எல்லோரும்' என்று பொருள். நான்காம் வரியின் ஒற்றைச் சாய்கோடு தளம் முழுவதையும் குறிக்கும். தளத்தை அமைத்துக் கொடுத்தவர் சர்வரின் சுமையைக் குறைக்க நினைத்து இப்படி எழுதியிருக்கிறார். பிங்கின் தவழியான பிங்பாட் ஒவ்வொரு முறையும் வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது. அந்தக் கடைசிச் சாய்கோட்டை மட்டும் அழித்தேன், வழி திறந்தது.

சர்வரின் சுமைதான் கவலை என்றால் 'கிரால்-டிலே' என்ற வரியைச் சேர்த்து, இத்தனை நொடிக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று சொல்லலாம். கூகுள் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. பிங் மதிக்கும்.

ரோபாட்ஸ் கோப்பு சரியாக இருந்தும் பக்கங்கள் வரவில்லை என்றால், ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஃபயர்வால் பிங்பாட்டைத் தடுக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்றாம் படி: வெப்மாஸ்டர் டூல்ஸில் பதிவு

பிங் வெப்மாஸ்டர் டூல்ஸ் பக்கத்தில் கணக்குத் தொடங்குங்கள். கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் தளம் ஏற்கெனவே இருந்தால் 'இம்போர்ட்' பொத்தானை அழுத்தி அனுமதி கொடுத்தால் போதும், உரிமைச் சரிபார்ப்பும், தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பான சைட்மேப்பும் அப்படியே வந்துவிடும். இல்லையென்றால் அவர்கள் தரும் ஒரு சிறு கோப்பைத் தளத்தில் ஏற்றி உரிமையை நிரூபிக்கலாம்.

சைட்மேப்பில் ஒரு விஷயம் முக்கியம். ஒவ்வொரு பக்கமும் கடைசியாக எப்போது மாறியது என்ற தேதி உண்மையாக இருக்க வேண்டும். தொடாத பக்கங்களுக்கும் இன்றைய தேதியைப் போடும் செருகுநிரல்கள் இருக்கின்றன. எதை மீண்டும் படிக்க வேண்டும் என்பதை அந்தத் தேதியைப் பார்த்துத்தான் பிங் முடிவு செய்கிறது. பொய்த் தேதி உங்களுக்கே கெடுதல்.

நான்காம் படி: இண்டெக்ஸ்நவ்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தவழி எப்போது வரும் என்று காத்திராமல், "இந்தப் பக்கம் மாறிவிட்டது" என்று நாமே சொல்லும் முறை. 2021-இல் மைக்ரோசாஃப்டும் ரஷ்யாவின் யாண்டெக்ஸும் சேர்ந்து தொடங்கின. தென்கொரியாவின் நேவரும் செக் நாட்டின் செஸ்னமும் பின்னர் இணைந்தன. ஒன்றிடம் சொன்னால் மற்றவற்றுக்கும் செய்தி போய்விடும். கூகுள் இதில் சேரவில்லை.

வேர்ட்பிரஸ் தளம் என்றால் இண்டெக்ஸ்நவ் செருகுநிரலை நிறுவினால் வேலை முடிந்தது. மற்றவர்கள் 8 முதல் 128 எழுத்துகள் கொண்ட ஒரு சாவியை உருவாக்கி, அதையே பெயராகவும் உள்ளடக்கமாகவும் வைத்து ஒரு டெக்ஸ்ட் கோப்பைத் தளத்தின் முதன்மை அடைவில் ஏற்ற வேண்டும். பிறகு மாறிய பக்கத்தின் முகவரியைச் சாவியோடு சேர்த்து, இவற்றில் ஏதாவது ஒரு தேடுபொறியின் இண்டெக்ஸ்நவ் முகவரிக்கு அனுப்புங்கள். 200 என்று பதில் வந்தால் சேர்ந்துவிட்டது. 202 என்றால் பெற்றுக்கொண்டார்கள், சாவியைச் சரிபார்ப்பது பாக்கி. 403 வந்தால் சாவிக் கோப்பு தவறான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தமிழில் முகவரி வைத்திருப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். முகவரியைக் குறியேற்றம் செய்யும்போது, அதாவது % குறியும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக மாற்றும்போது, ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துகளாக நீளும். 'தமிழ்' என்ற ஒரு சொல், இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால், 45 எழுத்துகள் ஆகிவிடும். கையால் தட்டச்சு செய்தால் நிச்சயம் பிழை வரும். பிரவுசரின் முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

ஐந்தாம் படி: மொழியைச் சொல்லுங்கள்

பக்கத்தின் தலைப்பகுதியில் 'கன்டென்ட்-லாங்குவேஜ்' என்ற மெட்டா குறியில் தமிழுக்கான ஈரெழுத்துக் குறியீட்டை இடுங்கள். பக்கத்தின் மொழியை அறிய பிங் இதைப் பார்க்கிறது.

யாண்டெக்ஸ், பைடு, நேவர் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பதிவுப் பக்கங்கள் உண்டு. உங்கள் வாசகர்கள் ரஷ்யாவிலோ சீனாவிலோ கொரியாவிலோ இருந்தால் ஒழிய அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பேன்.

இரண்டு வாரம் கழித்து வெப்மாஸ்டர் டூல்ஸில் 'சர்ச் பெர்ஃபார்மன்ஸ்' பகுதியைத் திறந்து, எந்தச் சொற்களைத் தேடி உங்களிடம் வருகிறார்கள் என்று பாருங்கள். என் பட்டியலின் முதல் வரியில் 'வரகு பொங்கல்' இருந்தது. அதன் படத்தை அன்றைக்கே அந்த வாசகிக்கு அனுப்பிவைத்தேன்.