அப்பளத்தைக் கொண்டு நுண்ணலையை அளப்பது எப்படி?

நுண்ணலை அடுப்பின் மேக்னட்ரான் உமிழும் அலைகள் உலோகச் சுவர்களில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று கலப்பதால், உள்ளே சில இடங்களில் வெப்பம் மிகுந்தும் சில இடங்களில் குறைந்தும் நிலையான ஒரு கோலம் உருவாகிறது. தட்டு சுழல்வது இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யத்தான். சுழற்சியை நிறுத்திவிட்டால் அலையின் நீளத்தையே அளந்துவிடலாம்.

கண்ணாடித் தட்டையும் அதன் கீழுள்ள வளையத்தையும் எடுத்துவிட்டு, நடுவில் சுழலும் முனையின் மேல் படாதவாறு ஒரு பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மீது தட்டையான பீங்கான் தட்டொன்றை அசையாமல் வையுங்கள். தட்டு நிறையப் பொரிக்காத அப்பளங்களை நெருக்கமாகப் பரப்புங்கள். பலர் சாக்லேட்டைப் பரிந்துரைப்பார்கள்; அது உருகி வழிந்துவிடும், அப்பளமோ சூடுபட்ட இடத்தில் மட்டும் வெளுத்துப் பொரியும் என்பதால் எனக்கு அப்பளமே மேல். அடுப்பை இயக்கிக் கண்ணெடுக்காமல் பார்த்திருந்து, வெண்திட்டுகள் தோன்றியவுடன் நிறுத்திவிட வேண்டும். தாமதித்தால் முழுவதும் பொரிந்து, பிறகு கருகும்.

அடுத்தடுத்த இரு திட்டுகளின் மையங்களுக்கு இடையிலான தூரம் அலைநீளத்தில் பாதி. பல இணைகளை அளந்து சராசரி எடுங்கள். 6.1 செ.மீ. கிடைத்தால் அலைநீளம் 12.2 செ.மீ.; அடுப்பின் பின்புறம் பெரும்பாலும் 2450 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும் அதிர்வெண்ணால் இதைப் பெருக்கினால் வினாடிக்கு 29.89 கோடி மீட்டர் வரும். ஒளியின் உண்மையான வேகம் 29,97,92,458 மீட்டர். அடுப்பு முப்பரிமாணப் பெட்டி என்பதால் கோலம் அவ்வளவு ஒழுங்காக அமைவதில்லை. ஆகவே உங்கள் விடை சற்று விலகினால் வியப்பில்லை.

இந்த அலையின் ஒரு ஃபோட்டானுக்கு, அதாவது ஒரு ஒளித்துகளுக்கு, இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒரு எலக்ட்ரான் வோல்ட்டின் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) லட்சத்தில் ஒரு பங்கு. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கச் சில எலக்ட்ரான் வோல்ட்டுகளாவது தேவை என்பதால், எக்ஸ் கதிர் செய்யும் சேதத்தை இது செய்ய இயலாது. சூடாக்கும் தீங்கு மட்டும் உண்டு. ஆகவே கதவு சரியாக மூடாத அடுப்பை இயக்கக் கூடாது.

கணக்கை இன்னும் ஒரு படி நீட்டலாம். ஒளியின் உண்மையான வேகத்தை 7.35 செ.மீ. என்ற அலைநீளத்தால் வகுத்தால் சுமார் 4080 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் ஹோம்டெலில் கொம்பு வடிவ ஆண்டெனாவை இயக்கிய வானியலாளர்கள் ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும், எத்திசையில் திருப்பினாலும் மாறாத ஓர் இரைச்சலைக் கேட்டது இந்த அதிர்வெண்ணில்தான். புறாக்களின் எச்சத்தைக்கூடத் துடைத்துப் பார்த்தும் அது ஓயவில்லை. 1965இல் அவர்கள் வெளியிட்ட அந்த முடிவு, பிரபஞ்சம் ஏறத்தாழ 3,80,000 ஆண்டு வயதில் வெளிவிட்ட ஒளி, விரிவால் நீண்டு 2.7 கெல்வின் வெப்பநிலைக்குரிய நுண்ணலையாக இன்றும் எங்கும் நிறைந்திருப்பதைக் காட்டியது.