மனவுறுதியை நம்பாமல் நல்ல பழக்கத்தை ஊன்றும் முறை

குமரி மாவட்டத்தின் குலசேகரம், பேச்சிப்பாறை பகுதிகளில் ரப்பர் பால்வெட்டுக்குச் செல்பவர்கள் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அவர்கள் எழும் நேரத்தை மரமே தீர்மானிக்கிறது. கூலியும் ஒரு காரணம்தான். ஆனால் கத்தி தொங்கும் இடமும், நடக்கும் பாதையும், முதலில் வெட்டும் மரமும் மாறாமல் இருப்பதால், இன்று போகலாமா வேண்டாமா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. உடல்நலத்துக்கான பழக்கத்தையும் இந்தக் கேள்வி எழாதவாறு அமைப்பதே முதல் வேலை.

அதற்கு, ஏற்கெனவே நாள் தவறாமல் செய்துவரும் ஒரு செயலைத் தேர்ந்தெடுத்து, புதிய செயலை அதன் வாலில் கட்ட வேண்டும். ‘காலையில் நடப்பேன்’ என்பது வெறும் விருப்பம். ‘சாயா குடித்த தம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குவேன்’ என்பது ஏற்பாடு. எப்போது, எங்கே, எதற்குப் பின் என்று இவ்வாறு முன்கூட்டியே முடிவு செய்துகொள்பவர்கள் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் தம் ஆய்வுகளில் விளக்கியிருக்கிறார். தினசரி நாள்காட்டியின் தாளைக் கிழிப்பது புதிய செயலைக் கட்டிவைக்க நம் வீடுகளில் உள்ள மிக நல்ல முளை. தாளைக் கிழித்த கையோடு ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கலாம். கோயில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசல் பாங்கும் கேட்கும் ஊர்களில் மாலை நடைக்கு வேறு நினைவூட்டல் தேவையில்லை. விடுமுறை நாளில் மாறிவிடும் செயலை மட்டும் முளையாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அளவைச் சிறியதாக வைக்க வேண்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அது போய்ச் சேர வேண்டிய இடம். முதல் இரண்டு வாரங்கள் தெருமுனை வரை சென்று திரும்பினாலே போதும்.

குமரி மாவட்டத்தில் நடைப்பழக்கத்தை அதிகம் கெடுப்பது மழை என்பது என் அனுபவம். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால், அது ஓய்ந்த பிறகு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி டிசம்பர் வரை நீள்கிறது. ஜனவரியில் உற்சாகமாகத் தொடங்கி ஜூன் முதல் வாரத்தில் நான் நடையைக் கைவிட்டது ஒரு முறையல்ல, மூன்று முறை. நான்காம் முறை, ‘மழை பெய்தால் அதே நேரத்தில் வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பத்து நிமிடம் நடப்பேன்’ என்று வெயில் காலத்திலேயே முடிவு செய்துவைத்தேன். அந்தப் பத்து நிமிடம் உடலுக்குத் தந்த பயன் குறைவாக இருக்கலாம். ஆனால் தம்ளரைக் கவிழ்த்ததும் கால் அசையும் தொடர்பு அறுபடாமல் இருந்ததால், மழை விட்ட காலையில் மீண்டும் தொடங்க வேண்டிய சிரமம் எனக்கு இருக்கவில்லை.

உணவில் இதே வேலையை வீட்டின் அமைப்பு செய்யும். நேந்திரங்காய் சிப்ஸ் மேசைமேல் இருந்தால் பசியில்லாத கையும் அதைத் தேடிப் போகும். மூடி இறுகிய டப்பாவில் பரண்மேல் ஏற்றி, சமையலறையில் மட்டிப்பழக் குலையைத் தொங்கவிட்டால் கை அங்கே போகும். கடைக்குப் போகும்போதே வாங்காமல் இருப்பது இன்னும் எளிது. மரச்சீனி எனும் மரவள்ளிக்கிழங்கையும் மீன்குழம்பையும் விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கிழங்கைச் சிறிய தட்டில் எடுத்து மீனையும் காய்கறியையும் கூட்டிக்கொள்ளலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பதால், கருவாடோ ஊறுகாயோ தினமும் இலையில் விழும் வீடுகள் உப்பு ஜாடியையாவது சாப்பாட்டு மேசையிலிருந்து அகற்ற வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் உணவின் அளவை மாற்றும் முன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

21 நாட்களில் பழக்கம் ஊன்றிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். 22-ஆம் நாள் சோம்பல் வந்ததும் தம்மிடமே குறை இருப்பதாக எண்ணி விட்டுவிடுகிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்தி 2010-இல் அச்சில் வெளியான ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நிகழும் நிலையை அடைய எடுத்த காலம் நடுவளவாக 66 நாட்கள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 முதல் 254 நாட்கள் வரை மாறியது. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல் விரைவிலும் உடற்பயிற்சி தாமதமாகவும் படிந்தன. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது.

ஆகவே கல்யாண வீட்டுக்கோ கோயில் கொடை விழாவுக்கோ போய் இரண்டு மூன்று நாட்கள் விட்டுப்போனால், திரும்பிய மறுநாள் காலை அதே தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தெருமுனை வரை மட்டும் நடக்க வேண்டும். விட்ட நாட்களுக்கு ஈடாக ஒரு மணி நேரம் நடக்கக் கூடாது.