நின்ற இடத்திலேயே ஒரு நடனம் கட்டுவது எப்படி

முதல் தடவை அமெரிக்க நடன அமைப்பாளர் ட்ரிஷா பிரவுனைப் படப்பதிவில் பார்த்தபோது, அவர் நின்ற இடத்தில் நின்று கட்டைவிரல்களைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அதையே மறுபடியும் செய்தார். என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. 1971-ல் அவர் உருவாக்கிய ‘அக்யூமுலேஷன்’ அப்படித்தான் தொடங்குகிறது. ஒவ்வோர் அசைவாகச் சேர்த்துக்கொண்டே போகும் அந்த முறையில் நீங்களும் ஒரு நடனம் கட்டலாம்.

பத்துச் சின்ன அசைவுகள் போதும். மணிக்கட்டைத் திருப்புவது, இடுப்பை ஒரு பக்கம் சாய்ப்பது, ஒரு காலைப் பின்னால் வைப்பது, இப்படி. முதல் அசைவை மட்டும் உடம்பில் படியும்வரை செய்யுங்கள். அப்புறம் ஒன்று, இரண்டு. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு சுற்றும் முதல் அசைவிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒவ்வொரு சுற்றையும் ஒரே தடவை செய்தாலும் பத்துக்கு 55 அசைவுகள் வந்துவிடும்.

கஷ்டம் வரிசை அமைப்பதில் இருக்கிறது. புதிதாகச் சேரும் எந்த அசைவும் ஒரு சுற்றில் கடைசி அசைவாக நிற்கும். அதனால் பத்தில் எதை முடித்தாலும் அங்கிருந்து நேராக முதல் அசைவுக்குத் திரும்ப வழி வேண்டும். என் முதல் முயற்சியில் ஆறாவது அசைவு கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டது. முன்னால் கொண்டுவர, கணக்கில் இல்லாத ஓர் அசைவு ஒவ்வொரு முறையும் நுழைந்தது. ஆறாவதை எடுத்துவிட்டு வேறொன்று தேடினேன்; இரண்டு நாள் ஆயிற்று.

முகத்தில் பாவம் வேண்டாம், கடைசி அசைவுக்குக் கூடுதல் அழுத்தமும் வேண்டாம். பிரவுன் நியூயார்க்கில் ராபர்ட் டன்னின் நடன அமைப்பு வகுப்பில் பயின்றவர். 1962-ல் அதே நகரின் ஜட்சன் தேவாலயத்தில் நடன நிகழ்ச்சிகளைத் தொடங்கிய குழுவில் ஒருவர். திறமையைக் காட்டி அசத்துவது அவர்கள் நோக்கமல்ல. விதி கண்முன் வளர்வதே பார்ப்பவரை இழுத்துக்கொள்ளும், அதை நம்புங்கள்.

சரி, பத்தும் கைவந்துவிட்டதா? மல்லாந்து படுத்துச் செய்து பாருங்கள். 1972-ல் ‘பிரைமரி அக்யூமுலேஷன்’ நடனத்தை அவர் படுத்தபடி 30 அசைவுகளில் அமைத்தார். காலில் எடை இல்லாததால் இடுப்பும் முழங்காலும் வேறு மாதிரி பேசும்.

அப்புறம் நின்றுகொண்டு, ஆடியபடியே இன்று நடந்த ஏதாவதைச் சொல்லுங்கள். பிற்பாடு அவரும் ‘அக்யூமுலேஷன்’ நடனத்தோடு பேச்சைச் சேர்த்தார். பேச்சு தடுமாறினால் தடுமாறட்டும், கை மட்டும் நிற்கக் கூடாது.

கைப்பேசியில் பதிவு செய்து, கடைசிச் சுற்றில் வரும் முதல் அசைவைத் தொடக்கத்தில் செய்ததோடு ஒப்பிடுங்கள். சுருங்கியிருந்தால் நான்கு அசைவுகளுக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி சேருங்கள்.